கண்ணுக்குத் தெரியாத கட்டம்

பாட அறிமுகம்

கிரிக்கெட் ஆட்டத்தை அறியாத மாணவர் நம் நாட்டில் அரியர். அதனோடு உறவுடைய பேஸ்பால், சாஃப்ட்பால் என்னும் ஆட்டங்களும் நம் பள்ளிகள் சிலவற்றில் ஆடப்படுகின்றன. இவ்விரு ஆட்டங்களிலும் நடுவருக்குரிய பணிகளுள் மிகவும் கடினமானது எது, சிறுவர் ஆடும்போது அப்பணி ஏன் மேலும் கடினமாகிறது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஸ்டம்பு இல்லாத ஆட்டம்

கிரிக்கெட்டில் மட்டையாளருக்குப் பின்னால் மூன்று ஸ்டம்புகள் நிற்கின்றன. பந்து அவற்றில் பட்டுப் பெயில்கள் வீழ்ந்தால், மட்டையாளர் ஆட்டமிழந்ததை மைதானத்தில் உள்ள அனைவரும் காண்பர். நடுவர் கூறுவதற்கு முன்பே தீர்ப்பு வெளிப்பட்டுவிடும்.

பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் ஸ்டம்பு கிடையாது. மட்டையாளருக்கு அருகில், தரையோடு தரையாக ஐந்து பக்கங்களை உடைய ஒரு வெள்ளைப் பலகை பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு ‘ஹோம் பிளேட்’ என்று பெயர். அப்பலகைக்கு மேலே, காற்றில், ஒரு பெட்டி இருப்பதாக விதிநூல் கூறுகிறது. அப்பெட்டிக்குச் சுவரும் இல்லை, கோடும் இல்லை. ஆயினும், வீசப்படும் பந்து அதற்குள் சென்றதா, வெளியே சென்றதா என்று ஒருவர் உடனே சொல்லியாக வேண்டும். அவரே நடுவர். அவர் கண்டு சொல்லும் அந்தக் கட்டத்திற்கு ‘ஸ்ட்ரைக் ஸோன்’, அதாவது ஸ்ட்ரைக் எல்லை என்று பெயர்.

கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. முறையீடு எழும்போது, பந்து காலில் படாமல் இருந்திருந்தால் எவ்வழியே சென்றிருக்கும் என்று நடுவர் மனத்தில் வரைந்து பார்க்கிறார். அத்தகைய முறையீடு ஓர் ஆட்டத்தில் சில முறையே எழும். பேஸ்பால் நடுவரோ ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீச்சுகளைக் கண்களால் அளந்து தீர்ப்புக் கூற அணியமாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கும் பாலும்

மட்டையாளர் ஒரு வீச்சை அடிக்க முயலாமல் விட்டுவிட்டால், நடுவர் இரண்டில் ஒன்றைக் கூறுவார். பந்து எல்லைக்குள் சென்றிருந்தால் அது ‘ஸ்ட்ரைக்’. எல்லைக்கு வெளியே சென்றிருந்தால் அது ‘பால்’. பந்து என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே இங்குக் குறிதவறிய வீச்சைச் சுட்டும் கலைச்சொல்லாக வழங்குகிறது. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் மட்டையாளர் பொதுவாக ஆட்டமிழப்பார். நான்கு பால் சேர்ந்தால், அவர் பந்தை அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து செல்லும் உரிமையைப் பெறுவார். மட்டையைச் சுழற்றிப் பந்தைத் தவறவிட்டால், பந்து எங்கே சென்றிருந்தாலும் அது ஸ்ட்ரைக் ஆகும்.

இந்த எல்லை ஏன் வேண்டும்? எல்லை இல்லையெனில், மட்டையாளர் தமக்கு வாய்ப்பான பந்து வரும்வரை எத்தனை வீச்சுகளை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். வீச்சாளரும் எட்டாத பந்துகளையே தொடர்ந்து எறியலாம். ஆட்டம் நகராது. பேஸ்பாலின் தொடக்கக் காலத்தில் இச்சிக்கல் உண்மையிலேயே இருந்தது. 1858 ஆம் ஆண்டு, நல்ல வீச்சுகளை அடிக்காமல் விடும் மட்டையாளர்மீது ஸ்ட்ரைக் கூறும் அதிகாரம் நடுவருக்கு அளிக்கப்பட்டது. 1879 ஆம் ஆண்டில் ஒன்பது பால் சேர்ந்தால்தான் மட்டையாளர் முதல் தளம் செல்ல முடியும் என்ற விதி இருந்தது. அவ்வெண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து 1889 இல் நான்கு ஆனது. உயர்ந்த பந்து வேண்டும், தாழ்ந்த பந்து வேண்டும் என்று மட்டையாளர் கேட்டுப் பெறும் வழக்கமும் இருந்தது. அவ்வுரிமை 1887 இல் நீக்கப்பட்டது. அதே 1887 ஆம் ஆண்டில்தான் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்க விளையாட்டாகச் சாஃப்ட்பால் தோன்றியது.

ஆகவே, ஸ்ட்ரைக் எல்லை என்பது வீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை எனலாம். அடிக்கத்தக்க பந்தை எறிவது ஒருவர் கடமை. அத்தகைய பந்தை அடிக்க முயல்வது மற்றவர் கடமை. அவ்வுடன்படிக்கையைக் காப்பவர் நடுவர்.

பெட்டியின் அளவுகள்

பெட்டியின் அகலம் எல்லார்க்கும் ஒன்றே. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். வீச்சாளரை நோக்கிய முன்விளிம்பிலிருந்து பின்முனை வரை அதன் நீளமும் 17 அங்குலமே. எனவே எல்லை என்பது சன்னல்போலத் தட்டையானது அன்று, ஆழமும் உடையது. முன்விளிம்பில் எல்லைக்கு வெளியே இருந்த பந்து, வளைந்து வந்து பின்பகுதியில் எல்லையைத் தொட்டுச் செல்லக்கூடும். அதுவும் ஸ்ட்ரைக்தான்.

பந்து முழுவதும் எல்லைக்குள் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. அதன் ஏதேனும் ஒரு பகுதி எல்லையின் ஏதேனும் ஒரு பகுதியில் பட்டால் போதும். பேஸ்பாலின் விட்டம் ஏறத்தாழ 7.4 சென்டிமீட்டர். இடப்பக்க ஓரத்தைத் தொடும் பந்தின் வெளிவிளிம்பிலிருந்து, வலப்பக்க ஓரத்தைத் தொடும் பந்தின் வெளிவிளிம்பு வரை அளந்தால் 43 + 7.4 + 7.4 எனக் கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர் வரும். சாஃப்ட்பால் பெரியது. 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் விட்டம் ஏறத்தாழ 9.7 சென்டிமீட்டர். ஆதலால் அங்கே இவ்வளவு 62 சென்டிமீட்டரைத் தாண்டும்.

உயரமோ ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்கள் ஆடும் தொழில்முறைப் பேஸ்பாலில், தோள்களின் மேற்பகுதிக்கும் காற்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுவிலுள்ள மட்டம் எல்லையின் மேல்வரம்பு. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள குழி அதன் கீழ்வரம்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939 இல் சிறுவர்க்காகத் தொடங்கப்பட்ட ‘லிட்டில் லீக்’ அமைப்பின் விதி இதனினும் எளியது. மட்டையாளர் இயல்பாக நிற்கும் நிலையில், அவருடைய அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடைப்பட்டதே எல்லையின் உயரம். 1974 முதல் அவ்வமைப்பு சாஃப்ட்பால் போட்டிகளையும் நடத்தி வருகிறது.

இவ்விதியின் விளைவைச் சிந்திக்க வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருள் ஒருவர் நெடியவராகவும் மற்றவர் குறியவராகவும் இருப்பது இயல்பு. ஒருவரின் மார்புக்கு நேரே வரும் பந்து, அடுத்தவரின் கண்ணுக்கு நேரே வரும். அப்பந்து முன்னவருக்கு ஸ்ட்ரைக், பின்னவருக்குப் பால். ஒவ்வொரு மட்டையாளர் வந்து நிற்கும்போதும் நடுவர் பழைய பெட்டியை அழித்துப் புதிய பெட்டியை மனத்தில் வரைய வேண்டியிருக்கிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1951 ஆகஸ்ட் 19 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், கூட்டத்தை ஈர்ப்பதற்காக 3 அடி 7 அங்குல உயரமே உடைய எடி கேடல் என்பவரை மட்டையாளராகக் களமிறக்கினார். அவருக்குரிய எல்லை மிகச் சிறியதாக இருந்தது. வீச்சாளர் எறிந்த நான்கு பந்துகளும் எல்லைக்கு மேலே சென்றன. கேடல் முதல் தளத்திற்கு நடந்து சென்றார். மறுநாளே அமெரிக்கன் லீக்கின் தலைவர் அவருடைய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினார். ஒருவரின் உடலமைப்பைக் காட்சிப்பொருளாக்கியது உரிமையாளரின் செயல். நடுவரோ வேடிக்கையைப் பொருட்படுத்தவில்லை. எல்லா மட்டையாளர்க்கும் உரிய விதியை அவருக்கும் அளித்தார்.

நிற்கும் இடமும் நோக்கும் முறையும்

எல்லையைக் காண நடுவர் எங்கே நிற்க வேண்டும்? ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் ‘கேட்சர்’ குந்தியிருப்பார். அவர் தலைக்கு நேர்பின்னால் நின்றால் பார்வை மறையும். ஆதலால் நடுவர், கேட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையே தெரியும் இடைவெளிக்குப் பின்னால் நிற்கிறார். கால்களை அகற்றி, முழங்கால்களை மடக்கி, தம் மோவாய் கேட்சரின் தலையுச்சி மட்டத்தில் இருக்குமாறு குனிகிறார். அவ்விடத்திலிருந்து பிளேட்டின் முழு அகலமும் மட்டையாளரின் முழங்காலும் அவருக்குத் தெரியும். முகக் கவசம், மார்புக் காப்பு, கால் காப்பு ஆகியவற்றை அவர் அணிந்திருப்பார். இடக்கையில் பால், ஸ்ட்ரைக், ஆட்டமிழப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு கருவி இருக்கும்.

ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் அதே இடத்தில், அதே உயரத்தில் நிற்க வேண்டும். தலை நான்கு விரற்கடை தாழ்ந்தாலும் மேல்வரம்பு மாறித் தோன்றும். நடுவர் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது நிற்கும் நிலையே என்பதற்குக் காரணம் இதுதான்.

பந்து வரும்போது தலை அசையக்கூடாது. கண்கள் மட்டுமே அசைய வேண்டும். வீச்சாளரின் கையிலிருந்து பந்து பிரியும் கணம் முதல், அது கேட்சரின் கையுறையை அடையும் கணம் வரை கண்கள் அதைத் தொடர வேண்டும். லிட்டில் லீக் பேஸ்பாலில் வீச்சாளர் 46 அடி தொலைவிலிருந்து எறிகிறார். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் 88 அடி கடக்கும். அவ்வாறெனில் அது பிளேட்டை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். அதிலும் பெட்டியின் வழியாகப் பந்து செல்லும் நேரம் கண்ணிமைக்கும் பொழுதினும் குறைவு.

இத்தனை விரைவாக வரும் பந்துக்குத் தீர்ப்பும் விரைவாக வரவேண்டும் என்று தோன்றலாம். நல்ல நடுவர் அவ்வாறு செய்வதில்லை. பந்து கையுறைக்குள் சென்றபின் அவர் ஒரு கணம் தாமதிக்கிறார். தாம் கண்ட வழியை மனத்தில் ஒருமுறை மீண்டும் ஓடவிடுகிறார். அதன் பின்னரே கூறுகிறார். ஸ்ட்ரைக் எனில் வலக்கையை உயர்த்தி உரக்கச் சொல்வார். பால் எனில் கையை அசைக்காமல், குனிந்த நிலையிலேயே சொல்வார். பந்து பாதி வழியில் இருக்கும்போதே முடிவு செய்துவிடும் நடுவர், பின்பாதியில் வளையும் பந்திலும் தாழும் பந்திலும் தவறுவார். முழுவதும் கண்டபின் தீர்மானித்தல் என்பது இப்பணியின் முதல் ஒழுக்கம்.

கண்ணை மயக்குவன

நடுவரின் கண்ணை மயக்குவன மூன்று.

முதலாவது, கேட்சரின் கையுறை. எல்லைக்குச் சற்று வெளியே வந்த பந்தைப் பிடித்து, கையுறையை மெல்ல உள்நோக்கி நகர்த்திக் காட்டுவது தேர்ந்த கேட்சர்களின் திறமை. சிறுவர் ஆட்டத்தில் இதற்கு நேர்மாறாகவும் நிகழும். நல்ல பந்தைப் பிடிக்கத் தெரியாமல் சிறுவர் கையுறையோடு வெளிப்பக்கம் சாய்ந்துவிடுவர். பந்து எங்கே பிடிக்கப்பட்டது என்பது கேள்வி அன்று. பிளேட்டைக் கடந்தபோது எங்கே இருந்தது என்பதே கேள்வி.

இரண்டாவது, மட்டையாளர் நிற்கும் நிலை. பந்து வருமுன் உடலை மிகவும் குறுக்கிக்கொண்டால் எல்லை சிறுத்துவிடும் என்று சிலர் கருதுவர். ஆனால் பந்தை அடிக்கும்போது அவர் இயல்பாக எவ்வாறு நிற்பாரோ அந்நிலையைக் கொண்டே எல்லை கணிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆதலால் குனிவதால் பயன் இல்லை.

மூன்றாவது, மெதுவாக வரும் பந்து. இளஞ்சிறார் எறியும் பந்து வில்போல் மேலெழுந்து செங்குத்தாகத் தாழும். பிளேட்டின் முன்விளிம்பில் மார்பளவில் இருக்கும் பந்து, கேட்சரை அடையும்போது கணுக்காலளவில் இருக்கலாம். சில வேளை பிளேட்டுக்குப் பின்னால் தரையில் விழுவதும் உண்டு. காண்போர் அதனைத் தாழ்ந்த பந்து என்பர். ஆனால் எல்லையின் வழியே சென்றதால் அது ஸ்ட்ரைக். பிளேட்டை அடையுமுன் தரையில் பட்டு எழும்பிய பந்துக்கு இது பொருந்தாது; மட்டையாளர் அதனை அடிக்க முயலாவிடில் அது பால் ஆகும். சாஃப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி இடுப்பருகே பந்தை விடுவதால், அது புறப்படும் கோணமே வேறு. அவ்வாட்டத்திற்கு நடுவராகச் செல்பவர் தம் கண்களைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

இரு பக்கத்திலும் குழந்தை

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டையுடன் நிற்கிறாள் எனக் கொள்வோம். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டன. அடுத்த வீச்சில் அவள் முதல் தளத்திற்கு நடப்பாள், அல்லது தலைகவிழ்ந்து வெளியேறுவாள். பந்து வருகிறது. அவள் அசையவில்லை. அது பிளேட்டின் ஓரத்திற்கு அருகே கடந்து செல்கிறது. இப்போது எல்லார் கண்களும் நடுவர்மீது.

இரக்கமுள்ள மனம் ‘பால்’ என்று சொல்ல விழையும். ஆனால் 40 அடி தொலைவில் பந்தை எறிந்துவிட்டு நிற்பவளும் ஒரு சிறுமியே. ஓரத்தைத் தொடும் பந்தை எறிய அவள் பல நாள் பயின்றிருப்பாள். மட்டையாளர்மீது காட்டும் இரக்கம், வீச்சாளருக்கு இழைக்கும் அநீதியாக முடியும். சிறுவர் ஆட்டத்தில் நடுவருக்குள்ள உண்மையான இடர்ப்பாடு இதுவே.

இதனால்தான், மிக இளையோர் ஆடும் ஆட்டங்களில் பல நடுவர்கள் வேறொரு வழியை மேற்கொள்கின்றனர். அவ்வயதினர்க்கு வீச்சில் துல்லியம் கைகூடியிருக்காது. விதியின் அளவை நூல்பிடித்தாற்போலக் கடைப்பிடித்தால், மட்டையாளர்கள் ஒருவர்பின் ஒருவராக அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்துகொண்டிருப்பர். களத்தில் நிற்கும் மற்றச் சிறுவர்களுக்கு ஓடவும் பிடிக்கவும் வாய்ப்பே இராது. ஆதலால் எல்லையைப் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு பந்தின் அகலம் விரித்துக்கொள்வது அவர்களின் வழக்கம். எல்லை சற்று விரிந்தது என்று அறிந்தால் சிறுவர் மட்டையைச் சுழற்றத் துணிவர். சுழற்றினால்தான் ஆட்டம் கற்க முடியும்.

இவ்வழக்கத்தை மறுப்போரும் உளர். விதி என்று ஒன்று இருக்கும்போது நடுவர் அதை மாற்றலாமா என்பது அவர்களின் வினா. அடிக்க எட்டாத பந்துக்குச் சிறுவரை ஆட்டமிழக்கச் செய்வது முறையன்று என்பதும் அவர்களின் வாதம். இதில் நியாயம் உண்டு. ஆகவே விரிவுக்கும் ஓர் அளவு வேண்டும். மட்டைக்கு எட்டாத பந்து எவ்வயதினர்க்கும் ஸ்ட்ரைக் ஆகாது. வயது ஏற ஏற, திறமை வளர வளர, எல்லை விதிநூலின் அளவுக்குத் திரும்ப வேண்டும்.

இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கருத்து உண்டு. எல்லை எத்தகையதாயினும், அது முதல் வீச்சிலிருந்து கடைசி வீச்சுவரை மாறாதிருக்க வேண்டும். இரண்டு அணிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சுற்றில் ஸ்ட்ரைக் ஆன பந்து கடைசிச் சுற்றிலும் ஸ்ட்ரைக்காக வேண்டும். தோற்கும் அணிக்காக எல்லை சுருங்கக் கூடாது. ஆட்டம் விரைவில் முடிய வேண்டும் என்று விரியவும் கூடாது. நடுவரின் எல்லை மாறாதிருந்தால், சிறுவர் அதனை விரைவில் கண்டுகொண்டு அதற்கேற்ப ஆடுவர். மாறிக்கொண்டே இருந்தால், எதைக் கற்பது என்று அறியாமல் திகைப்பர்.

எனவே அந்தச் சிறுமியின் கதையில் நடுவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. இதே பந்து முதல் சுற்றில் வந்திருந்தால் தாம் என்ன சொல்லியிருப்போம்? அதையே இப்போதும் சொல்ல வேண்டும்.

பிழை நேர்ந்தால்

மனிதக் கண் தவறும். தவறியதை நடுவர் பல நேரங்களில் தாமே உணர்வார். அப்போது எழும் எண்ணம் ஆபத்தானது. ஓர் அணிக்கு இழைத்த தவற்றை ஈடுசெய்ய, அடுத்த வீச்சில் அவ்வணிக்குச் சாதகமாகக் கூறிவிடலாம் என்பதே அவ்வெண்ணம். அது ஒரு பிழையை இரண்டு பிழையாக்கும். ஈடுசெய்வதற்காகப் பொய்த்தீர்ப்புக் கூறலாகாது என்பது நடுவர் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. நேர்ந்த தவற்றை மனத்திலிருந்து நீக்கி, அடுத்த வீச்சை அதற்குரிய தகுதியில் காண்பதே அவர் செய்யத்தக்கது.

ஒரு வீச்சு ஸ்ட்ரைக்கா, பாலா என்பது நடுவரின் கணிப்பைச் சார்ந்தது. அத்தீர்ப்பே இறுதியானது என்பதும், ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ அதனை எதிர்த்து வாதிடலாகாது என்பதும் விதி. ஆயினும் பார்வையாளர் வரிசையிலிருந்து கூச்சல் எழுவது உண்டு. அவர்கள் பக்கவாட்டில் அமர்ந்திருப்பதால் பந்தின் உயரத்தை ஓரளவு காண முடியும். பிளேட்டின் ஓரத்தைக் காண முடியாது. அமெரிக்காவில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்போருள் பலர் தன்னார்வலர். சிலர் பள்ளி மாணவர். பெற்றோர் சிலரின் கடுஞ்சொல் தாங்காமல் இப்பணியை விட்டு விலகியோரும் உளர். நடுவர் இன்றி ஆட்டம் இல்லை என்பதைப் பெரியவர்கள் உணர்ந்தால், சிறுவர்க்கு அதுவே நல்ல பாடமாகும்.

கருவியின் வருகை

பெரியவர்களின் தொழில்முறை ஆட்டத்தில் இப்போது கருவிகள் வந்துள்ளன. தென்கொரியாவின் தொழில்முறைப் போட்டிகளில் 2024 முதல் ஸ்ட்ரைக்கும் பாலும் கருவியாலேயே கணிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் ‘மேஜர் லீக் பேஸ்பால்’ அமைப்பு, 2026 ஆம் ஆண்டுப் பருவத்திற்கு மறுஆய்வு முறையைக் கொண்டுவர 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன்படி நடுவரே தீர்ப்புக் கூறுவார். ஒவ்வோர் அணியும் இரண்டு மறுஆய்வு வாய்ப்புகளுடன் ஆட்டத்தைத் தொடங்கும். மறுஆய்வில் வென்றால் அவ்வாய்ப்பு கழியாது. கிரிக்கெட் மறுஆய்வில் நாம் காணும் ‘ஹாக்-ஐ’ ஒளிப்படக் கருவிகளே இங்கும் பந்தின் வழியைப் பதிவு செய்கின்றன. கருவி வரையும் எல்லையின் மேல்வரம்பு ஆட்டக்காரரின் உயரத்தில் 53.5 விழுக்காடு, கீழ்வரம்பு 27 விழுக்காடு. அவர் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது மாறாது.

சிறுவர் ஆடும் ஊர்த் திடல்களில் இத்தகைய கருவிகள் இல்லை. அங்கே ஒரு மனிதரின் கண்ணும் மனமுமே கருவிகள்.

நடு என்னும் சொல்

நடுவர் என்னும் சொல் ‘நடு’ என்பதன் அடியாகப் பிறந்தது. இவ்வாட்டத்தில் நடுவர் களத்தின் நடுவில் நிற்பதில்லை. ஓர் ஓரத்தில், கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார். அவர் வீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் நடுவில் நிற்பது மனத்தால். யாரும் காணாத ஒரு கட்டத்தை வரைந்து, அதனை இரு தரப்பார்க்கும் மாறாமல் காத்து நிற்பதே அவர் பணி. தாம் ஆட்டமிழந்த வீச்சு உண்மையில் எங்கே சென்றது என்பதைச் சிறுவர் சில நாளில் மறந்துவிடுவர். தம்மையும் எதிரணியையும் ஒரே அளவுகோலால் அளந்த ஒருவர் அங்கே நின்றார் என்பதை எளிதில் மறக்கமாட்டார்.

தெரிந்துகொள்வோம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் நடுவராக நின்ற முதல் பெண் ஜென் பாவோல். இவர் கல்லூரி நாள்களில் சாஃப்ட்பால் ஆடியவர். சாஃப்ட்பால் நடுவராகவே இப்பணியைத் தொடங்கியவர். 2025 ஆகஸ்ட் 9 அன்று தளநடுவராகக் களமிறங்கிய இவர், மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று ஸ்ட்ரைக், பால் தீர்ப்புகளைக் கூறினார்.

சொற்பொருள்

அரியர் – மிகச் சிலரே
அணியமாக – ஆயத்தமாக
மோவாய் – முகவாய், தாடை
விரற்கடை – விரலின் அகல அளவு
வரம்பு – எல்லை
விழையும் – விரும்பும்
சாரார் – பக்கத்தார்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஹோம் பிளேட்டின் அகலம் எவ்வளவு?
2. லிட்டில் லீக் விதிப்படி ஸ்ட்ரைக் எல்லையின் மேல்வரம்பும் கீழ்வரம்பும் யாவை?
3. பந்து கையுறையை அடைந்த உடனே நடுவர் தீர்ப்புக் கூறாமல் ஒரு கணம் தாமதிப்பது ஏன்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. நடுவரின் கண்ணை மயக்கும் மூன்றனை விளக்குக.
2. ‘ஈடுசெய்யும் தீர்ப்பு ஒரு பிழையை இரண்டு பிழையாக்கும்’ – இக்கருத்தை உம் பள்ளி விளையாட்டு ஒன்றோடு பொருத்தி எழுதுக.

இ. கலந்துரையாடுக.
இளஞ்சிறார் ஆட்டத்தில் எல்லையை விரித்துக்கொள்வது சரியா? வகுப்பினர் இரு குழுவாகப் பிரிந்து தத்தம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.

ஈ. செய்து பார்க்க.
உயரத்தில் வேறுபட்ட இருவர் மட்டை பிடித்து இயல்பாக நிற்க. தரையிலிருந்து அக்குள் வரையும், முழங்காலின் மேற்பகுதி வரையும் உள்ள உயரங்களை அளந்து, இருவரின் ஸ்ட்ரைக் எல்லைகளையும் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்து ஒப்பிடுக.